காரவள்ளியில் வண்டியை நிறுத்துங்கள்!

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் போய், காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டினால் காரவள்ளி. அங்கே சமவெளி முடிகிறது. கொல்லிமலை தொடங்குகிறது.

சின்ன ஊர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அங்கே போய்ப் பாருங்கள். அப்பப்பா! எத்தனை மோட்டார் சைக்கிள்கள்! சேலம் வண்டி, ஈரோட்டு வண்டி, கோவை வண்டி, சென்னை வண்டி, பெங்களூர் வண்டி. தோல் கோட்டு, கையுறை, தலைக்கவசம். தலைக்கவசத்தின் உச்சியில் ஒரு குட்டிக் காமிரா.

எல்லோரும் வாலிபர்கள். டீ குடிக்கிறார்கள். கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். "போன தடவை எத்தனை நிமிஷம்?" என்று ஒருவரை ஒருவர் கேட்கிறார்கள்.

எதற்கு நிமிஷக் கணக்கு? மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்த 70 வளைவையும் யார் சீக்கிரம் ஏறுகிறார்கள் என்று போட்டி!

இதற்கு 'சாகசப் பயணம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சாகசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவன் மலையைக் கண்டதில்லை, கடலைக் கண்டதில்லை. வயசுப் பிள்ளைகள் ஊர் சுற்றத்தான் வேண்டும். ஆனால் கொல்லிமலை ரோட்டில் இன்று நடப்பது வேறு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எரிமலையா?

போன வாரம் காரவள்ளி டீக்கடையில் ஒரு சிறுவன் தன் அப்பாவிடம் கேட்டான்: "அப்பா, கொல்லிமலை எரிமலையா?"

அப்பா சிரித்துவிட்டார். நல்ல கேள்வி. சிரிக்க வேண்டியது இல்லை.

கொல்லிமலை எரிமலை அல்ல. ஆனால் அதன் கல் நெருப்பைப் பார்த்த கல்தான். பூமியின் வெகு ஆழத்தில், பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகிய பாறை அது. 'சார்னோக்கைட்' என்று பெயர். நம் சென்னைப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருப்பதும் இதே இனக் கல்தான். கல்கத்தா நகருக்கு அடிபோட்டவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னோக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்தில் இருந்து கொண்டு போன கல் இது. அதனால் 1893-ம் ஆண்டு ஹாலண்ட் என்ற நில ஆராய்ச்சியாளர் அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். நம் ஊர்க் கல்லுக்கு அவர் பெயர்! போகட்டும்.

உயிருள்ள எரிமலை இந்தியாவில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அந்தமானில் உள்ள பாரன் தீவு. நூறு ஆண்டுகளுக்கு மேல் தூங்கிக் கிடந்து 1991-ல் விழித்துக்கொண்டது. அவ்வப்போது இன்னும் புகைகிறது. அங்கே உல்லாசப் பயணிகள் கால் வைக்க அனுமதி கிடையாது. கப்பலில் இருந்தபடி தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

'இதற்கு மேல் போகாதே' என்று கடல் நடுவே சொல்ல முடிகிறது. காரவள்ளியில் மட்டும் ஏன் சொல்ல முடியாது?

பாவையின் சிரிப்பு

கொல்லிமலைக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது? பல கதைகள் உண்டு. அந்நாளில் மலைக்காய்ச்சலுக்குப் பேர் போன மலை. ஏறியவன் திரும்ப மாட்டான் என்ற பயம் இருந்தது.

இன்னொரு கதை கொல்லிப்பாவை. சங்க நூல்களிலேயே அவளைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. அழகான பெண் உருவம். பார்ப்பவரைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் மயங்கிக் கிட்டே போனால் உயிர் போகும். மலை மேல் உள்ள எட்டுக்கை அம்மனைத்தான் கொல்லிப்பாவை என்று இன்றும் கும்பிடுகிறார்கள்.

கடையேழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலையும் இதுதான். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தவன் என்று புலவர்கள் பாடிய வில்லாளி. ஆடி மாதம் சர்க்கார் அவனுக்கு விழா எடுக்கிறது. வில் வித்தைப் போட்டியும் நடக்கிறது.

இன்றைய பாவை எங்கே இருக்கிறாள் தெரியுமா? செல்போனுக்குள் இருக்கிறாள்! யாரோ ஒருவன் 70 வளைவையும் சாய்ந்து சாய்ந்து ஏறி, அதைப் படம் பிடித்துப் போடுகிறான். ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். அவர்களில் பத்துப் பேர் அடுத்த ஞாயிறு காரவள்ளியில் நிற்கிறார்கள். அந்தப் படத்தில் விழுந்தவன் வருவதில்லை. விழாதவன் மட்டுமே வருகிறான்.

நானும் ஓட்டினேன்

இவ்வளவு சொல்கிறாயே, நீ யார் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

15 வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் போனேன். கல்லூரிப் படிப்பு முடிந்த ஆண்டு. 2 மோட்டார் சைக்கிள், 4 பேர். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போதுதான் ஆயிற்று.

மலை இறக்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. இறங்கும் வழி முழுவதும் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தேன். பிரேக் சூடேறினால் பிடிப்புக் குறையும். 'எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரில் இறங்கு' என்பது பழைய பஸ் டிரைவர்களின் பாடம். அந்தப் பாடத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு வளைவில் பொடிக்கல் கிடந்தது. வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. சுவரில் மோதியது. நான் ரோட்டில் விழுந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த என் நண்பன் வண்டிக்கு அடியில் விழுந்தான். அவன் கால் முறிந்தது.

செல்போனில் சத்தமே இல்லை. மணி நாலு இருக்கும். பனி இறங்க ஆரம்பித்தது.

மேலே இருந்து ஒரு ஜீப் வந்தது. ஜீப் நிறையப் பலாப்பழம். கீழே சந்தைக்குப் போகிறது. ஓட்டி வந்தவர் ஐம்பது வயசுக்காரர். கூட 2 பெண்கள். அவர் எங்களைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. பாதிப் பலாப்பழத்தை ரோட்டோரம் இறக்கினார்கள். அந்த இடத்தில் சாக்கை விரித்து என் நண்பனைப் படுக்க வைத்தார்கள்.

பழ வாசனைக்குக் குரங்குகள் வந்துவிட்டன. ஒரு பெண் கையில் குச்சியோடு பழத்துக்குக் காவல் நின்றாள். பனியில், வளைவில், தனியாக! ஜீப் எங்களை நாமக்கல் ஆஸ்பத்திரியில் கொண்டு வந்து விட்டது. அன்றையச் சந்தை அவருக்குப் போயிற்று. பணம் கொடுத்தேன். வாங்கவில்லை. "அந்தப் பொண்ணு தனியா நிக்குது தம்பி" என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிட்டார்.

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

என் நண்பன் இப்போது நடக்கிறான். மாடி ஏறும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வான். என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

கணக்கு யார் தலையில்?

சாகசம் செய்கிறவன் 'என் உயிர், என் இஷ்டம்' என்கிறான். அது பொய். அவன் விழுந்தால் தூக்குகிறவன் வேறு ஒருவன்.

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் என்ன நடந்தது? சென்னையில் இருந்தும் ஈரோட்டுப் பக்கத்தில் இருந்தும் மலையேறப் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். படித்த பிள்ளைகள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். நாடே அழுதது. அப்போது தீக்குள் முதலில் ஓடியவர்கள் பக்கத்து ஊர் மக்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு என்று தமிழ்நாட்டில் விதிமுறை வந்தது.

அடுத்த ஆண்டு, 2019 டிசம்பர் 9-ந் தேதி, நியூசிலாந்து நாட்டில் வக்காரி என்ற எரிமலைத் தீவு வெடித்தது. எரிமலையைக் கிட்டப் பார்க்கக் கூட்டிப் போயிருந்தார்கள். தீவில் இருந்தவர்கள் 47 பேர். இறந்தவர்கள் 22 பேர். எரிமலையின் சீற்றம் கூடியிருக்கிறது என்று 3 வாரத்துக்கு முன்பே அளவு காட்டியிருந்தது. ஆனாலும் படகு போய்க்கொண்டுதான் இருந்தது. அங்கேயும் முதலில் பறந்து போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கியவர்கள் அந்தப் பக்கத்துத் தனியார் ஹெலிகாப்டர் ஓட்டிகளே.

கொல்லிமலையிலும் அதே கணக்குத்தான். விழுகிறவன் வெளியூர்க்காரன். தூக்குகிறவன் மலைக்காரன்.

ஆஸ்பத்திரி ரோடு

மலை மேல் வாழ்கிறவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் அல்ல. மலையை ஆள்கிறவர்கள். பேசுவது நல்ல தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். ஊர்களை 'நாடு' என்று அழைக்கிறார்கள். வாழவந்தி நாடு, சேளூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, வளப்பூர் நாடு. கேட்கவே எவ்வளவு அழகு!

சாமை, தினை, கேழ்வரகு விளைத்துச் சாப்பிட்ட மக்கள். இப்போது மரவள்ளிக் கிழங்கு அந்த நிலங்களில் பாதியைப் பிடித்துக்கொண்டது. மிளகு, காப்பி, வாழை, அன்னாசி, பலா இவையும் உண்டு. எல்லாம் மலையை விட்டு இறங்கினால்தான் காசு.

ரோடு வருவதற்கு முன்னால் இவையெல்லாம் தலைச்சுமையாகத்தான் இறங்கின. நோயாளியைத் துணித் தூளியில் கட்டி, இரண்டு பேர் தோளில் சுமந்து இறங்கினார்கள். சாகசம் என்றால் அதுதான் சாகசம். அதைப் படம் பிடிக்க யாரும் இல்லை.

அவர்களுக்கு ரோடு வந்தது. அந்த ரோட்டில்தான் இன்று பந்தயம்.

காரவள்ளியில் பஸ்சுக்குக் காத்திருந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். மேலே சோளக்காட்டுக்குப் போகிறவர்.

"ஞாயித்துக் கிழமைன்னா பஸ்சு எப்ப மேல வரும்னு சொல்ல முடியாது தம்பி. என் பேத்தியைப் பிரசவத்துக்குக் கீழ கூட்டிக்கிட்டு வந்தோம். 3 எடத்துல நின்னோம். வளைவுல வண்டியைக் குறுக்கப் போட்டு போட்டோ எடுத்துக்கிட்டு இருக்குதுங்க. கேட்டா சிரிக்குதுங்க."

"பேத்தி?"

"பையன் பொறந்தான். நல்லா இருக்கான். ஆனா அந்த 3 எடத்துல அவ பல்லைக் கடிச்ச கடி எனக்குத்தான் தெரியும்."

நிறுத்துங்கள்!

என் யோசனை இதுதான். ஞாயிறு, பண்டிகை, விடுமுறை நாட்களில் வெளியூர் மோட்டார் சைக்கிளும் காரும் காரவள்ளியோடு நிற்கட்டும். அங்கே இருந்து மேலே போக அரசு பஸ் ஓடட்டும்.

நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். சபரிமலைக்குப் போய் வந்த ஐயப்ப பக்தரைக் கேளுங்கள். கூட்ட நாட்களில் நிலக்கல்லில் வண்டியை விட்டுவிட்டுப் பம்பைக்குக் கேரள அரசு பஸ்சில் போகிறார்கள். லட்சக்கணக்கான மக்கள்! மராட்டிய மாநிலத்தில் மாத்தேரான் என்ற மலை ஊர் இருக்கிறது. ஊருக்குள் வெளியூர்க் காரும் மோட்டார் சைக்கிளும் போக முடியாது. வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கூட்டம் குறைந்துவிட்டதா? இல்லையே! ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வாங்கித்தான் போகிறோம். முதலில் முணுமுணுத்தோம். பிறகு பழகிவிட்டது.

கொல்லிமலைக்கு இ-பாஸ் போதாது என்பது என் எண்ணம். பாஸ் வாங்கிக்கொண்டு வேகமாக ஓட்ட மாட்டானா? பந்தயக்காரனுக்குப் பாஸ் ஒரு தடையா?

மலைவாசிகளின் வண்டிக்கு இந்தத் தடை கூடாது. ஆம்புலன்சு, காய்கறி லாரி, பால் வண்டி எதையும் நிறுத்தக் கூடாது. நடக்க முடியாத முதியோரோடு வருகிற குடும்பத்துக்கு விலக்குக் கொடுக்கலாம்.

டீக்கடைக்காரர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "வண்டி வராட்டி எங்க பொழப்பு என்னாகும் சார்?" என்றார்.

நியாயமான கேள்வி. நான் இரண்டு நாள் யோசித்தேன். வண்டியில் பறக்கிறவன் காரவள்ளியில் ஒரு டீ குடிக்கிறான். மேலே போய் வளைவில் நின்று போட்டோ எடுக்கிறான். மத்தியானம் இறங்கிவிடுகிறான். மலை மேல் ஒரு படி சாமைகூட வாங்குவதில்லை. பஸ்சுக்குக் காத்திருக்கிறவன் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவான். பஸ்சில் போகிறவன் செம்மேட்டில் இறங்கி நடப்பான். நடக்கிறவன் கையில்தான் பழம் விற்க முடியும். இதை அவரிடம் சொன்னேன். அவர் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. "பஸ்சு நேரத்துக்கு வந்தாப் பார்க்கலாம்" என்றார்.

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு மணிக்கு ஒரு பஸ் என்றால் இந்த யோசனை செத்தது. கால் மணிக்கு ஒன்று ஓட வேண்டும். சாயங்காலம் கடைசிப் பஸ் எப்போது என்று பெரிய எழுத்தில் போர்டு வைக்க வேண்டும். வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஏழை விவசாயியின் வயலைப் பிடுங்கக் கூடாது. கக்கூசு வேண்டும், தண்ணீர் வேண்டும். இவை இல்லாமல் தடை மட்டும் போட்டால் அதை நானே எதிர்த்து எழுதுவேன்.

அதுவரை

அதுவரை போகிறவர்கள் போகத்தான் போகிறார்கள். அவர்களுக்கு நாலு வார்த்தை.

மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இது சட்டம். இது தெரியாமல் ஏறி வரும் பஸ்சோடு மல்லுக்கு நிற்கிறார்கள். வளைவில் ஹாரன் அடியுங்கள், ஆனால் வண்டியை நிறுத்தாதீர்கள். இருட்டிய பிறகும் பனி மூடிய பிறகும் இறங்காதீர்கள். கரடி நடமாடும் காடு அது.

குரங்குக்கு வறுவல் பொட்டலம் போடாதீர்கள். 'பாவம், பசிக்கிறதே' என்று போடுகிறீர்கள். அது ரோட்டுக்கே குடி வந்துவிடுகிறது. அடுத்த வண்டியில் அடிபட்டுச் சாகிறது.

ஆகாய கங்கை அருவிக்கு அறப்பளீசுவரர் கோவில் பக்கத்தில் இருந்து இறங்க வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள்! இறங்குவது சுகம். ஏறும்போதுதான் முழங்கால் பேசும். ஏறத்தாழ 300 அடி உயரத்தில் இருந்து விழுகிற தண்ணீர். மழை நாளில் கிட்டே போகாதீர்கள். உடம்பு முடியாதவர்கள் மேலேயே இருந்து, கோவில் ஓடையில் மீனுக்குப் பொரி போடலாம். அறுத்துச் சமைத்த மீனுக்கு இறைவன் உயிர் கொடுத்து ஓடையில் துள்ள விட்டார் என்பது அந்தக் கோவில் கதை.

போன வாரம் நான் பஸ்சில்தான் ஏறினேன். மேலே சொன்ன அந்தப் பாட்டி பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, நிதானமாகத் திருப்பினார். வளைவின் எண்ணைப் பலகையில் பார்த்து எண்ணிக்கொண்டே வந்தேன். நான் விழுந்த வளைவு எது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. 3 இடங்கள் ஒரே மாதிரி இருந்தன. மூன்றிலும் சுவரை எட்டிப் பார்த்தேன்.

சோளக்காடு சந்தையில் இறங்கி, பழைய ஜீப் வைத்திருந்த பலாப்பழக்காரரைப் பற்றி விசாரித்தேன். "இங்க யாருகிட்டத்தான் ஜீப் இல்ல? யாருதான் பலாப்பழம் ஏத்தல?" என்று கேட்டுச் சிரித்தார்கள். விவரத்தைச் சொன்னேன். ஒரு பெரியவர், "அப்படிப் பழத்தை இறக்கிட்டு ஆளை ஏத்தினது நானும் ரெண்டு தடவை ஏத்தியிருக்கேன். நீங்க யாரைச் சொல்றீங்களோ!" என்றார்.

அவரிடம் 2 பலாப்பழம் வாங்கினேன். பேரம் பேசவில்லை. பஸ் கண்டக்டர் பழத்துக்கும் டிக்கெட் போட்டார்.